இருதயம்மாள் நிரப்பிய சாவிகள்

இருதயம்மாளுக்குத் தன் மூளையின் மேல் பெரிய மரியாதை உண்டு. வேறு யாரும் அந்த மரியாதையைக் காட்டவில்லை என்பதால், அவர்கள் பங்கையும் சேர்த்து அவளே காட்டிக்கொண்டாள். பின்னாளில் அந்த மூளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "கருவாட்டோட சேத்து வெயில்ல காய வெச்சிருக்கணும், மறந்து உள்ளயே வுட்டுட்டாங்கோ" என்று முதல் ஆளாகச் சிரிப்பவளும் அவள்தான். ஆனால் இது நடந்த காலத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்துக்கு வெளித்துறை கட்டுவதற்காக லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து கடலில் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவள் பிறந்தது திருவொற்றியூர். வாழ்க்கைப்பட்டு வந்தது ராயபுரம், கடலோரமாக ஒரு சின்னத் தெரு. புருஷன் கஸ்பார் துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிறவன். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டை தூக்குகிற யந்திரம் அது. ஆனால் தெருவில் யாரும் அவனை வின்ச்சுக்காரன் என்று சொல்வதில்லை. கொடிவீட்டுக் கஸ்பார் என்பார்கள். தெருமுனையில், மோட்சத்து வாசலின் சாவியைக் கையில் வைத்திருக்கிற ராயப்பருக்கு ஒரு சின்னக் கோயில். வருஷா வருஷம் திருநாள் தொடங்கும்போது அங்கே ஏற்றுகிற கொடியை, கஸ்பாரின் பாட்டன் காலத்திலிருந்து அந்த வீடுதான் கொடுத்து வந்தது. கொடி கொடுக்கிற குடும்பம், கொடி ஏறுகிற அன்றும் இறங்குகிற அன்றும் போகிற ஊர்வலத்தில் கொடிக்கு அடுத்தபடி நடக்கும். சாமியார்கூட அவர்களுக்குப் பின்னால்தான். மழை வந்தால் பாத்திரம் வைத்து ஏந்துகிற ஓர் அறை வீட்டுக்காரர்களுக்கு, வருஷத்தில் இரண்டு நாள் தெருவே ஒதுங்கி வழிவிடுகிறதென்றால் அது லேசுப்பட்ட காரியமா? கஸ்பாருக்கு அது உயிர். இருதயம்மாளுக்கும் உயிர்தான், வெளியே சொல்ல மாட்டாள். 'கொடிவீட்டு மருமகளே' என்று யாராவது கூப்பிட்டால் மட்டும், முதல் தடவை காதில் விழாத மாதிரி இருந்து இரண்டாம் தடவை கூப்பிட வைப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு தார்ப்பாய்க் கிடங்கில். லாரிக்கும் சரக்குக்கும் போர்த்துகிற பாய்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டையே மூடிவிடும். அந்தந்தக் கம்பெனியின் அடையாளத்தை ஞானம் மேஸ்திரி பாயின் மேல் சாக்பீஸால் கோடாக வரைந்துவிட்டுப் போவார். பெண்கள் உட்கார்ந்து கோட்டுக்குள் பெயின்ட் அடிப்பார்கள். வட்டத்துக்குள் வட்டம், சதுரத்துக்குள் சதுரம், இங்கிலீஷ் எழுத்து என்று என்னென்னவோ இருக்கும். முழுப் பாயையும் விரிக்க அங்கே இடம் கிடையாது. இரண்டு பக்கமும் சுருட்டி, நடுவில் ஒரு முழம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போக வேண்டும். அந்த ஒரு முழத்தில் கோடுகள் தெரியுமே தவிர, எது உருவம், எது அந்த உருவத்துக்கு நடுவில் இருக்கிற ஓட்டை என்று தெரியாது. மற்றப் பெண்கள் ஓட்டையையும் சேர்த்து அடித்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அங்கேதான் இருதயம்மாளின் மூளை வெளியே வந்தது. அவள் ஒரு விதி கண்டுபிடித்தாள். பாயின் ஓரத்திலிருந்து கையைக் குறுக்கே கொண்டு போ. ஒரு கோட்டைத் தாண்டினால் அடிக்கத் தொடங்கு. அடுத்த கோட்டைத் தாண்டினால் நிறுத்து. மறுபடி கோடு வந்தால் மறுபடி அடி. அவ்வளவுதான். வளையம் வரைந்திருந்தால் வளையத்தில் நிறம் ஏறும், நடுவில் ஓட்டை தானாக மிஞ்சும். எழுத்தாக இருந்தாலும் அப்படியே. அது என்ன எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. எழுத்துக்கும் அவளைத் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு சண்டையும் வந்ததில்லை.

"கோட்டத் தாண்டினா மாத்து. இது கூடவா தெரியாது?" என்று கிடங்கில் எல்லாரையும் கேட்பாள். கிடங்கோடு விட்டாளா? மீன் வாங்கப் போன இடத்தில் சொல்வாள். தண்ணீர்க் குழாயடியில் சொல்வாள். பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் சாமியாரிடமே சொன்னாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். கோயிலை விட்டு வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்.

அதுவரைக்கும் திருநாள் கொடியில் ஒரு சிலுவை மட்டும் இருந்தது. சிலுவைக்கு ஓட்டையும் இல்லை, ஒரு சங்கடமும் இல்லை. அந்த வருஷம் புதிதாக வந்த இளஞ்சாமியார், "ராயப்பர் கொடியில் மோட்சத்தின் சாவி இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்த இரண்டு சாவி. எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. கஸ்பார் தலையைத் தலையை ஆட்டினான்.

ஞானம் மேஸ்திரி தகரத்தில் ஒரு சாவி வெட்டினார். தலையில் வளையம், வளையத்துக்கு நடுவில் ஓட்டை, நீளமான தண்டு, அடியில் பல். வெள்ளைத் துணியில் அந்தத் தகரத்தைச் சாய்த்து வைத்து, கரித்துண்டால் சுற்றியும் ஓட்டைக்குள்ளும் கோடு இழுத்தார். அப்புறம் தகரத்தைப் புரட்டி, மறுபக்கம் சாய்த்து, முதல் சாவியின் மேலேயே குறுக்காக வைத்து மறுபடி சுற்றிக் கோடு. முழுசாக இரண்டு சாவி. நடுவில் தண்டும் தண்டும் ஒன்றின் மேல் ஒன்று.

"நடுவுல ரெண்டும் கூடற எடம் பாத்து அடிமே, இருதயம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"கோடு போட்டதோட ஒன் வேல முட்ஞ்சிச்சி மேஸ்திரி. மிச்சத்த எங்கிட்ட வுடு."

கொடிவீட்டுக்கு ஒரு கட்டு இருந்தது. துணியில் நிறம் பட்டுவிட்டால், கம்பத்தின் உச்சியில் போய் அது அவிழும்வரை முழுசாக விரிக்கக் கூடாது. அடிக்கிறவளும் பார்க்கக் கூடாது. இருதயம்மாளுக்கு அது ஒரு கஷ்டமாகவே தோன்றவில்லை. கிடங்கில் செய்கிற வேலைதானே? துணியை இரண்டு மூங்கில் கழியில் இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டாள். நடுவில் ஒரு முழம். ஓரத்திலிருந்து கை போகும். கோட்டைத் தாண்டினால் சிவப்பு. அடுத்த கோட்டைத் தாண்டினால் நிறுத்து. அடித்தது காயக் காயச் சுருட்டிக்கொண்டே போனாள். கஸ்பார் வேலை விட்டு வந்து வாசலில் நின்றபடி, "இருதயம், சரியா வருதா?" என்று கேட்டால், "கப்பல் கம்பெனிக்காரனே குத்தம் சொன்னதில்ல, ராயப்பர் சொல்லிடுவாரா?" என்பாள்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கூட்டம். சாமியார் சுருட்டிய கொடியின் மேல் தீர்த்தம் தெளித்தார். கயிற்றை இழுத்தார்கள். கொடி உச்சிக்குப் போனதும் முடிச்சை உருவினார்கள். உள்ளே வைத்திருந்த பூ உதிர்ந்தது. கடற்காற்று துணியைப் பிடித்துப் படாரென்று விரித்தது.

கொட்டு அடிக்கிறவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

சாவித் தலைகளில் ஓட்டை அழகாக இருந்தது. பல்லும் சரிதான். ஆனால் இரண்டு தண்டும் ஒன்றையொன்று தாண்டுகிற நட்டநடுவில், ஒரு பெரிய வெள்ளைக் கட்டம். இரண்டு சாவியும் இடுப்பு ஒடிந்து, நாலு துண்டாக அந்தரத்தில் நின்றன.

முதலில் துணி மடிந்திருக்கிறது என்றுதான் இருதயம்மாள் நினைத்தாள். காற்று நன்றாகவே அடித்தது. துணி நன்றாகவே விரிந்தது. பார்க்கப் பார்க்கக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ்தான் வாயைத் திறந்தாள். ஜாக்கெட் தைக்கிறவள்; புருஷன் சவரிநாதன் ரயில்வேயில் வேலை. கொடி எப்போதாவது கைமாறினால் அது அடுத்ததாகப் போக வேண்டியது அவர்கள் வீட்டுக்குத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு வெகுநாளாக இருந்தது.

"அடக் கடவுளே, மோட்சத்துச் சாவிய எலி கட்ச்சிட்ச்சா?"

"அது டிசைனு" என்றாள் இருதயம்மாள்.

"இன்னா டிசைனு?"

"ஒனக்குப் புரியாத டிசைனு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அந்தக் கணத்தில்தான் புரிந்தது. முதல் சாவியின் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே இரண்டாம் சாவியின் கோடு வந்தது. விதிப்படி நிறுத்தினாள். இரண்டு சாவிக்கும் உள்ளே இருக்கிற இடத்தை, ஒரு சாவிக்கும் சேராத இடம் என்று அவள் விதி சொல்லிவிட்டது. கம்பெனி அடையாளங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மரியாதையாக இருந்துகொண்டவை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்ததில்லை. ராயப்பரின் சாவிகள் படுத்துவிட்டன.

கஸ்பார் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஏறிப் போயி அந்த எடத்த மட்டும் செவப்பா அடிச்சிட்டு வந்துடறேன்" என்றான். கப்பல் பாய்மரத்தில் ஏறிய குடும்பம், ஏறியும் இருப்பான். ஆனால் ஊர்ப் பெரியவர் அருள்பிரகாசம் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏறின கொடிய திருநாள் முடியற வரிக்கும் யாரும் தொடக் கூடாது. ஒடஞ்சதோ உருப்பட்டதோ, அங்கயே பறக்கட்டும்."

பறந்தது. நவநாள் ஒன்பது நாளும் பறந்தது. தினமும் சாயங்காலம் ஜெபத்துக்கு அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். இருதயம்மாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து உறவுக்காரர்கள் வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். "சாவி ஒடஞ்சி பூட்ச்சின்னா, மோட்சத்து கதவு இந்த வருசம் தொறக்காதே. இப்ப சாவறவங்க கதி?" என்று கேட்டார்கள். வியாதியாக இருந்த ஒரு கிழவர் பயந்துபோய்த் திருநாள் முடிகிறவரை பிடிவாதமாகச் சாகாமல் இருந்தார் என்றும் சொல்வார்கள். அதற்கு இருதயம்மாளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

கொடி இறங்கிய அன்று அருள்பிரகாசம் ஊரைக் கூட்டிச் சொன்னார்: "கஸ்பாரு, ஒங்க பாட்டன் மூஞ்சிக்காக இன்னொரு வருசம் பாக்கறேன். இனிமே உச்சியில போயித்தான் மொதல்ல பாக்கறதுன்ற வேல வாணாம். ஏத்தறதுக்கு முன்னாடி நாலு பேரு பாக்க விரிக்கணும். அதுலயும் கோணலா இருந்துச்சி, கொடி சவரிநாதன் வூட்டுக்குப் பூடும்."

வீட்டுக்கு வந்து கஸ்பார் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"அடுத்த வருசம் நான் வின்ச்சு கஸ்பாரு ஆயிடுவேன் போலக்கீதே" என்றான்.

"நான் இருக்கும்போதா?"

"நீ இருக்கறதுதான்மே எனக்கு பேஜாரா கீது."

இருதயம்மாள் ஒரு வருஷம் யோசித்தாள். சும்மா யோசிக்கவில்லை, பாத்திரம் தேய்க்கும்போதும், தார்ப்பாய் அடிக்கும்போதும், ஜெபமாலை சொல்லும்போதும் யோசித்தாள். கடைசியில் ஒரு விதி வந்தது. கோட்டைப் பார்க்காதே, நீ எங்கே இருக்கிறாய் என்று பார். வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து சமையற்கட்டுக்குள் நுழைந்தால், வீட்டை விட்டு வெளியேயா போய்விட்டாய்? இன்னும் உள்ளே அல்லவா போயிருக்கிறாய்? சாவிக்கும் அதேதான். ஒரு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாயா, அப்புறம் நடுவில் எத்தனை கோடு வந்தாலும் அடித்துக்கொண்டே போ. கடைசிக் கோட்டைத் தாண்டி வெளியே வரும்போது மட்டும் நிறுத்து.

இந்த விதி எவ்வளவு உயர்ந்தது என்பதை அவள் குழாயடியில் சொன்னபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுபடி புதுத் துணி, மறுபடி மேஸ்திரியின் தகரச் சாவி, மறுபடி இரண்டு கழி, நடுவில் ஒரு முழம். விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாரே, முன்னாலேயே ஒரு தடவை நாமும் விரித்துப் பார்த்தால் என்ன என்று கஸ்பார் கேட்டான். இருதயம்மாளுக்கு வந்ததே கோபம்.

"அவரு சொன்னது ஏத்தற அன்னிக்கி. அதுக்கு முன்னாடி கட்டு கட்டுதான். என் வேலமேல நம்பிக்க இல்லன்னா பிரஷ்ஷ நீயே புடி."

கழி உருண்டு சாவித் தலைக்கு வந்தபோது, வாசலில் நின்ற கஸ்பாருக்கு மனசு கேட்கவில்லை.

"இருதயம், இங்க வளையத்துக்கு நடுவுல ஓட்ட வுடணும்ல?"

"போன வருசம் நடுவுல வுட்டுத்தானே மானம் பூட்ச்சி? இந்த வருசம் நடுவுல ஒரு கடுகு அளவு கூட வெள்ள வுடமாட்டேன்."

விடவில்லை. அவள் சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

கொடியேற்ற நாள் காலையில் கோயில் முற்றத்தில் பாயைப் போட்டு, அருள்பிரகாசம் முன்னால் கொடியை விரித்தார்கள். இருதயம்மாள் நடுவை மட்டும் பார்த்தாள். தண்டும் தண்டும் சேருகிற இடம் கெட்டியான சிவப்பு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அவள் மார்பு நிமிர்ந்தது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் சாவித் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வளையம் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் முழுச் சிவப்பாக இரண்டு தட்டு.

"இது இன்னாது, சாவியா?" என்றார் அருள்பிரகாசம்.

"தோசக் கரண்டி" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ரெண்டு தோசக் கரண்டி குறுக்கால வெச்சிகீது. மோட்சத்துல ராயப்பரு இப்ப நாஷ்டா கட போட்டுகினாரு போல."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. சாமியாரே மேலே பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிக்காத ஒரே ஆள் கஸ்பார். அவன் துணியின் மூலையைப் பிடித்தபடி, கப்பலிலிருந்து மூட்டை கை நழுவி விழுந்ததைப் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

இருதயம்மாளுக்கு அப்போது தன் மூளை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. போன வருஷம் இல்லாத ஓட்டையை வைத்தது. இந்த வருஷம் இருக்கிற ஓட்டையை அடைத்தது. ஓட்டை சரியாக விழுந்த ஒரே இடம் தன் தலைதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அதை யோசித்து நிற்க நேரமில்லை. அருள்பிரகாசம் சவரிநாதனைக் கண்ணால் தேடத் தொடங்கிவிட்டார்.

"மாமா, கொஞ்சம் இருங்க" என்றாள்.

"இன்னும் இன்னாம்மா இருக்கறது? வெள்ள பெயின்ட் அடிக்கப் போறியா? செவப்பு மேல அடிச்சா ரோசாப் பூ கலருல நிக்கும்."

அவள் தெருவைத் தாண்டி ஓடினாள். ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குள் புகுந்து, தையல் மெஷின் மேல் இருந்த பெரிய கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே ஃப்ளோரன்ஸ் கத்திக்கொண்டு வந்தாள்.

"யேய், அது பட்டு வெட்ற கத்திரி! காஞ்ச பெயின்டு மேல வெச்சே, மொன பூடும்! ஒன்னத்தான்மே!"

இருதயம்மாள் கொடியின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சிவப்புத் தட்டின் நடுவில் கத்திரியைக் குத்தினாள். கூட்டம் 'ஆ' என்றது. கெட்டியாகக் காய்ந்த பெயின்ட் கறக் கறக்கென்று வெட்டுப்பட்டது. வட்டமாக ஒரு துண்டு கீழே விழுந்தது. அடுத்த சாவித் தலைக்கு நகர்ந்து அதையும் குத்தி வெட்டினாள். இரண்டு ஓட்டையின் வழியாகவும் கீழே விரித்திருந்த பாய் தெரிந்தது.

அருள்பிரகாசத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "கொடியில ஓட்ட போட்டுட்டியாம்மா? கிழிஞ்ச கொடிய ஏத்தவே கூடாதுன்னு தெரியாது ஒனக்கு?"

"கொடியில இன்னா மாமா ஓட்ட? சாவியில ஓட்ட. சாவின்னா ஓட்ட இருக்கணும்."

"கிழிசல் கிழிசல்தான். வெட்டின ஓரம் பாரு, நூலு நூலாப் பிரியுது. கடக்காத்துல மத்தியானத்துக்குள்ள கந்தலாயிடும்."

அது உண்மைதான். அதற்கு இருதயம்மாளிடம் விதி எதுவும் இல்லை. கத்திரியைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோணியில் சாக்கு ஊசி போடத்தான் வரும். வட்டமான ஓரத்தை மடித்துத் தைப்பது கைதேர்ந்தவர்கள் வேலை. அந்தத் தெருவில் அது தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். கொடி கெட்டால் அது போய்ச் சேருவதும் அவள் வீட்டுக்குத்தான்.

ஃப்ளோரன்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிரிந்த நூலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சவரிநாதன் வேண்டாம் என்று புருவத்தை அசைத்தார். அவள் மறுபடி நூலைப் பார்த்தாள்.

"அய்ய" என்றாள் கடைசியில். "ஓரம் மடிக்காத துணிய பாத்துகினு என்னால நிக்க முடியாதும்மா. கையெல்லாம் அரிக்குது. தூக்குங்க அந்த மெஷின வெளிய."

சவரிநாதன் வாயைத் திறந்தார். "நீ சும்மா கெட. நாளைக்கி நம்ப வூட்டுக்கு கொடி வந்தா வரட்டும். கந்தலோட எனக்கு வாணாம்" என்று அவரை அடக்கிவிட்டாள்.

மெஷினைக் கோயில் முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். இருதயம்மாள் துணியை வட்டத்தில் சுழற்றிக் கொடுக்க, ஃப்ளோரன்ஸ் மிதித்தாள். இரண்டு பேருக்கும் அதுவரை இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கமில்லை. "மெதுவா சுத்துமே, ஒன் வாய் மாதிரியே ஓட்றியே" என்பதோடு ஃப்ளோரன்ஸ் நிறுத்திக்கொண்டாள். பெயின்ட் ஏறிய துணியில் இரண்டு ஊசி உடைந்தது. மடித்துத் தைத்த ஓரம் சட்டைக் காலர் மாதிரி கனமாக, உருண்டையாக வந்தது. அருள்பிரகாசம் குனிந்து விரலால் இழுத்துப் பார்த்தார். நூல் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை.

"கிழிசல்னு சொல்ல முடியாது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

சாயங்காலம் கொடி ஏறியது. பூ உதிர்ந்தது, காற்று வந்தது, விரிந்தது. இரண்டு சாவியும் இடுப்பு ஒடியாமல் குறுக்காக நின்றன. இரண்டு தலையிலும் வெள்ளைத் துணிக்குப் பதிலாக வானம் தெரிந்தது. கொடி திரும்பும்போது ஒரு ஓட்டையில் கோயில் மணிக்கூண்டு வந்து போயிற்று. அப்புறம் கொட்டு அடித்தார்கள்.

ஆனால் இருதயம்மாள் இருக்கிற இடத்தில் ஒரு காரியம் அவ்வளவு நல்லபடியாக முடிந்துவிடுமா? அருள்பிரகாசம் கம்பத்தடியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கொடி கொடிவீட்டிலேயே இருக்கும். கஸ்பாரின் குடும்பம்தான் கொடிக்கு அடுத்தபடி நடக்கும். ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து நிறம் அடிப்பது ஃப்ளோரன்ஸ். கட்டு கிட்டு ஒன்றும் வேண்டாம், துணியைக் கோயில் தரையில் விரித்துப் போட்டு, ஊர் பார்க்க அடிக்க வேண்டும். இருதயம்மாள் கையில் பிரஷ் கொடுக்கக் கூடாது.

"கொடி நின்னுச்சிமே!" என்று கஸ்பார் அவள் தோளைக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர்.

"என் பிரஷ்ஷு பூட்ச்சே, அத்த கேளு" என்றாள் அவள்.

கொடி இறங்கிய அன்று ஊர்வலத்தில் கொடிவீட்டார் இடத்தில், கஸ்பார் பக்கத்தில், தலை நிமிர்ந்துதான் நடந்தாள். ஆனால் நடக்கும்போது மூளை சும்மா இருக்கவில்லை. இரண்டு விதியும் ஏன் கெட்டது என்று பாதித் தெருவிலேயே பிடிபட்டுவிட்டது. ஊர்வலத்தை விட்டுப் பின்வாங்கி, ஃப்ளோரன்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இத்த கேளு. மேஸ்திரி போடற கோட்டுமேல எறும்பு வரிசையாப் போவுதுன்னு வெச்சிக்கோ. வெளிக்கோட்டுல எறும்பு வலமா சுத்தணும். ஓட்டக் கோட்டுல இடமா சுத்தணும். நீ இடக்கைப் பக்கத்து ஓரத்துலருந்து வலக்கைப் பக்கமா போற. மேல பாத்துப் போற எறும்பத் தாண்டினா, ஒரு புளியங்கொட்ட கையில எடுத்துக்கோ. கீழ பாத்துப் போற எறும்பத் தாண்டினா, ஒண்ண கீழ போட்டுடு. கையில கொட்ட இருந்தா அடி. கை காலியா இருந்தா நிறுத்து. சாவிமேல சாவி படுத்தா கையில ரெண்டு கொட்ட இருக்கும், அடிச்சிகினே போவ. ஓட்ட வந்தா கை காலியாயிடும், நின்னுடுவ. ரெண்டும் சரியா வருதா, இல்லியா?"

இந்த விதி சரியானது. இதை யார் வேண்டுமானாலும் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு தப்பும் வராது. இரண்டு தடவை ஊர் சிரித்த பிறகு வந்தது என்பதற்காக அது தப்பாகிவிடாது.

ஃப்ளோரன்ஸ் முழுசாகக் கேட்டாள். அப்புறம், "எறும்பு, கொட்ட, வலம், இடம்... தரையில விரிச்சிப் போட்டுப் பாத்தா போதாதா?" என்றாள்.

அடுத்த வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள். துணியைக் கோயில் தரையில் பளிச்சென்று விரித்தாள். சுற்றி நடந்து பார்த்தாள். நடுவில் சிவப்பு, வளையத்துக்குள் வெள்ளை என்று கண்ணுக்குத் தெரிந்தபடி அடித்துக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. இருதயம்மாள் ஒரு தூணோரம், கையில் புளியங்கொட்டையோடு, எங்கேயாவது தப்பு வருமா என்று கடைசிவரைக்கும் காவல் இருந்தாள். வரவில்லை.

"விரிச்சிப் போட்டு, கண்ணால பாத்து அடிக்கறது யாருக்கும் வரும்" என்றாள். "அதுக்கு மூள வேணுமா?"

"வாணாம்தான்" என்று ஃப்ளோரன்ஸ் பிரஷ்ஷைத் துடைத்தாள். "அதாலதான் ஒயுங்கா வந்துகீது."

இதற்கு இருதயம்மாளிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதற்குள் கஸ்பார் வாசலில் நின்று கூப்பிட்டான். கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், கொடிக்கு அடுத்தபடி நடக்க வேண்டியவள் அவள்.